ஒன்றாக இருந்தால் ஜீரோ

"இன்னாம்மா எழுதி வெச்சிருக்க? கண்ணு தெரியலையா, இல்ல மூளைதான் கிடையாதா?"

ரகுநாதன் ப்ரோக்ராமைப் பிரிண்ட் எடுத்த தாளை மேசைமேல் விசிறியடித்தான். வசந்தகுமாரி எழுந்து நின்றாள்.

அம்பத்தூருக்குக் கம்ப்யூட்டர் ஜோதிடம் புதிதாக வந்திருந்த சமயம் அது. மாடியில் இருந்த இந்த ஜோதிட மையத்துக்கு அவன் முதலாளி, அவள் ப்ரோக்ராம் எழுதுகிறவள். மாடியேறி ஜாதகத்தோடு வருகிறவர்களிடம் அவன் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி அளக்கிற அளப்பைக் கேட்டால், கம்ப்யூட்டரையே அவன்தான் கண்டுபிடித்தான் என்று தோன்றும். எழுதியதெல்லாம் அவள்.

"என்ன சார் தப்பு?"

"இன்னா தப்பா? ரஜ்ஜுப் பொருத்தம் பாக்கற இடத்தைப் படி. பொண்ணு ரஜ்ஜுவும் பையன் ரஜ்ஜுவும் ஒண்ணா இருந்தா இன்னா?"

"ரஜ்ஜு தட்டுது சார். கல்யாணம் பண்ணக் கூடாது."

"வேற வேறயா இருந்தா?"

"பண்ணலாம்."

"அது மட்டும் நல்லா ஒப்பிக்கற. ரெண்டு வார்த்தையும் ஒண்ணான்னு பாக்க, சி லாங்குவேஜுலயே ஸ்ட்ரிங் கம்பேர்னு ஒரு ஃபங்ஷன் கீது. எழுத்து எழுத்தா நீ உக்காந்து ஒப்பிட வேணாம். எவனோ வெள்ளைக்காரன் எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான். நீ கூப்பிட்டா போதும். ஒண்ணா இருந்தா அது இன்னா குடுக்கும்?"

"ஜீரோ சார்."

"ஜீரோன்னா ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லேன்னு அர்த்தம். நீ ஜீரோ வந்தா ரெண்டும் வேறன்னு எழுதி வெச்சிருக்க. தட்டறவனைப் போய்க் கட்டிக்கோங்குது, தட்டாதவனை வேணாங்குது. பூந்தமல்லி பிராஞ்சுக்குக் காப்பி குடுக்கறதுக்கு முன்ன நான் பாத்தேனோ, மானம் தப்பிச்சுதோ. இதுக்குத்தான் உனக்கு பாலிடெக்னிக்ல மார்க் போட்டானுங்களா?"

இந்த ஜீரோ சமாசாரத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். முதலாளி துரைக்கு அது மறந்துபோயிருந்தது.

வசந்தகுமாரி தாளை எடுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சார், அப்ப உங்க ரிப்போர்ட்டு?"

ரகுநாதன் அவள் கையிலிருந்த தாளைப் பிடுங்கிப் பார்த்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு ஆவடியில் நிச்சயதார்த்தம். பெண் ஃபேக்டரி அதிகாரியின் மகள். குவார்ட்டர்ஸிலேயே பெரிய வீடு, வாசலில் கார். அவன் தாயார் வரலட்சுமிக்கோ ஜாதகம் சரியில்லையென்றால் தாம்பூலத் தட்டையே தொடமாட்டேன் என்ற பிடிவாதம். வசந்தகுமாரி லீவில் இருந்த அன்று, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனே இந்தக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான். ரஜ்ஜு தட்டவில்லை என்று வந்த தாளை அந்தம்மாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் தேதி குறித்தார்கள்.

"அந்த வரியைத் திருத்து. என்னுதைத் திரும்பப் போடு."

அவள் திருத்தினாள். பிரிண்டர் கரகரவென்று ஓடியது. அவன் தாளைக் கிழித்துப் படித்தான். பையன் மிருகசீரிடம், பெண் சித்திரை. இரண்டும் சிரசு ரஜ்ஜு. பொருத்தம் இல்லை.

சிரசு ரஜ்ஜு தட்டினால் புருஷன் உயிருக்கு ஆகாது என்பார்கள். ஜாதகமெல்லாம் சுத்தப் பேத்தல், ஏமாளிகள் இருக்கிறவரை நம் கடை ஓடும் என்று சிநேகிதர்களிடம் சிரிக்கிற ஆசாமி, கைக்குட்டையை எடுத்து முகத்தையும் கழுத்தையும் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"அம்மாகிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா நிச்சயத்தையே நிறுத்திடும்."

"சரி சார்."

"இன்னா சரி? பண்ணிக்கினா என் உசுருக்கு ஆபத்து. நிறுத்துனா ஆவடி பூரா சிரிப்பான். எல்லாம் ஒரு மக்கு எழுதுன ஒரு வரியால." அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. "ரெடிமேடா இருக்கற ஃபங்ஷனைக் கூப்பிடத் துப்பில்ல, நீயெல்லாம் ப்ரோக்ராமரு. உன்னைக் கட்டிக்கினு எவன் அழப்போறானோ. நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

வசந்தகுமாரி சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டாள், குடையை எடுத்துக்கொண்டாள். கதவருகே போனவள் நின்றாள்.

"வர்றவங்களுக்கெல்லாம் சரியான ப்ரோக்ராமை ஃப்ளாப்பியில வெச்சிருக்கேன் சார். அதுலதான் இதுவரைக்கும் பாத்துக் குடுத்தேன். ஒருத்தருக்கும் தப்பாப் போகல. இந்த மெஷின்ல இருக்கறது ஒரே ஒரு ஜாதகத்துக்காக மாத்தி எழுதினது. நான் அழிக்கறதுக்குள்ள நீங்களே உக்காந்து ஆவடி ஜாதகத்தைப் போட்டுட்டீங்க."

"வேணும்னே எழுதினியா? எவ ஜாதகத்துக்கு?"

"ஆவடி ஜாதகத்துக்கு முன்னாடியே உங்க அம்மா உங்களுக்குச் சொல்லாம ஒரு ரோகிணி நட்சத்திரப் பொண்ணு ஜாதகத்தைக் கொண்டாந்து பாக்கச் சொன்னாங்க. அத்தனையும் அமோகமாப் பொருந்திச்சு, ரஜ்ஜுவும் தட்டலை, அதான் தட்டுதுன்னு வர்ற மாதிரி மாத்தினேன்" என்றாள் வசந்தகுமாரி. "எங்க அப்பா குடுத்தனுப்பின என்னோட ஜாதகம் சார் அது."