வெள்ளை க்ரீம்

“நீ ஊருக்குப் போய்ட்டா பாலும் உன்கூடவே வந்துடுமாம்மா? அப்ப தம்பி இன்னா குடிப்பான்?”

ஆம்பூரில் ரயில் ஏறும்போது மூத்தவள் கேட்டாள். அம்பிகா சிரித்துவிட்டாள்.

தம்பிக்குப் பவுடர் பால் வாங்கி வைத்திருந்தாள். அவள் பயம் வேறு. ஆக்ராவில் வேளாவேளைக்குப் பீய்ச்சாமல் விட்டால், திரும்பி வருவதற்குள் பால் வற்றிவிடும்.

ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவிலிருந்து ஆக்ரா கண்காட்சிக்குப் போகும் முதல் பெண் அவள்.

“கைக்குழந்தக்காரிய கூட்டினு போனா வேலையா நடக்கும்?” என்று மேனேஜர் புகழேந்தி எல்லார் முன்னாலும் கேட்டிருந்தார். பால் விஷயம் அவர் காதுக்குப் போகக் கூடாது.

மார் கனக்கும்போதெல்லாம் ஸ்டாலுக்குப் பின்னால் இருந்த சரக்கு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வாள். தாய்ப்பால் கால்படும் இடத்தில் விழக் கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். பாட்டிலில் பிடித்து, வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றிவிட்டு வருவாள்.

ஒவ்வொரு முறையும் பால் வந்தது. ஒவ்வொரு முறையும் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

புகழேந்தி தேடினால், “லெதர் எடுக்கப் போய்க்குது சார், வந்துடும்” என்பார் ஃபினிஷிங் மாஸ்டர் மஹபூப் பாஷா. அவள் எங்கே போகிறாள் என்று அவர் ஒருமுறையும் கேட்டதில்லை.

அன்று மதியம், ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டு பையர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். செடிக்குப் போக நேரமில்லை. அம்பிகா பாட்டிலை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு ஓடினாள். அவள் வெட்டித் தைத்த கறுப்பு ஷூவைத்தான் அவர் கேட்டார்.

பாஷா குனிந்தார். கைக்கு அகப்பட்ட பாட்டிலைத் திறந்து, துணியில் நனைத்து, ஷூவைத் துடைத்தார். ஷூவுக்கு மெருகேற்றும் வெள்ளை க்ரீமைக் கிடைத்த பாட்டிலில் எல்லாம் ஊற்றி வைப்பது ஃபினிஷிங்காரர்கள் பழக்கம்.

அம்பிகா அவர் கையிலிருந்த தன் பாட்டிலைப் பார்த்தாள். கால்படக் கூடாத பால், ஷூவின் மேலேயே.

பையர் ஷூவை வெளிச்சத்தில் திருப்பினார். தையலை விரலால் தடவினார். ஆர்டர் கொடுத்தார். இந்த ஜோடியையே சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

“அடுத்த வருஷமும் நீயே வந்துடும்மா” என்றார் புகழேந்தி.

பாஷா பாட்டிலை ஆட்டிப் பார்த்தார். “இது இன்னா கம்பெனி க்ரீம்மா? சூப்பரா ஏறுது!”

“நம்ம ஊரு சரக்கு பாய். வெளியில கிடைக்காது.”

தலை நிமிர்ந்து சொல்லிவிட்டு, பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவள் போகவில்லை.

பால் காய்ந்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். வாடையும் வரும். சாயங்காலம் பழி முழுக்க பாஷா தலையில்தான் விழும்.

ஈரத் துணியால் ஷூவை ஒற்றி எடுத்தாள். உலர விட்டாள். பிறகு நிஜமான க்ரீமைத் தொட்டு, அவர் தேய்ப்பது போலவே சின்னச் சின்ன வட்டமாக, பளபளப்பு வரும்வரை தேய்த்தாள்.

அவர் வைத்துப்போன இடத்திலேயே, அவர் வைத்த பக்கமாகவே, ஷூவைத் திரும்ப வைத்தாள்.