துடைக்காமல் விட்ட விளிம்பு

கல்லூரிக் கரும்பலகையில் சாக்பீஸ் ஒரு வட்டம் போட்டு, அதன் விளிம்பிலும் உள்ளேயும் ஒரு கலப்பெண் சார்பின் மதிப்புகளை எழுதியிருந்தது.

“நீ எழுதுவதெல்லாம் நான் தொடும்வரைதான்,” என்ற டஸ்டர் உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துப் போட்டது. விளிம்பை மட்டும் போனால் போகிறதென்று விட்டது.

சாக்பீஸ் கோபப்படவில்லை. விளிம்பிலிருந்த மதிப்புகளை எடைபோட்டுக் கூட்டியபடி ஒரு சுற்று வந்து, நடுப்புள்ளியின் மதிப்பை எழுதியது. மறுபடி சுற்றி வந்து பக்கத்துப் புள்ளியை எழுதியது. டஸ்டர் துடைத்த அதே மதிப்புகள்; எதுவும் பிசகவில்லை.

“நீ உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லையே,” என்றது டஸ்டர்.

“எங்கும் வகையிடத்தக்க இந்தக் கலப்பெண் சார்புகள் அப்படித்தான். உள்ளே உள்ளது முழுக்க விளிம்பிலேயே இருக்கிறது.”

டஸ்டருக்கு உடம்பு சிலிர்த்துத் தூள் உதிர்ந்தது.

மணி அடித்தது. பலகை முழுவதையும் துடைத்துக்கொண்டு வந்த டஸ்டர், அந்த விளிம்பருகே வந்ததும் நின்றுவிட்டது.