தேரை வாயில் ஒரு பேர்

"சூனியக்காரி! இன்னைக்கே இந்த ஊரை விட்டுப் போயாகணும்!"

மாதா கோயில் பூசைக்கு ஒரு நாள் தவறாத ஸுல்மீராம்மா போட்ட சத்தத்தில் குளத்துத் தேரைகள் கப்சிப் ஆகிவிட்டன.

மினாஸ் மலையில் மழை விட்ட காலை. பனிமூட்டத்துக்குள் குளம் இன்னும் தூக்கம் கலையாமல் கிடந்தது. ஆராய்ச்சிக்கார ஜந்தீரா தேரையின் விஷப் பாலை எடுப்பதைப் பார்க்க, என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தேன். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

"பாருங்க டீச்சர், இவ லட்சணத்தை!"

கரையில் பெரிய தேரை ஒன்று. அதன் வாய் கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது.

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகாதவர் பேரை எழுதி, தேரை வாயில் வைத்துத் தைத்துவிட்டால், அது வாடிச் சாகச் சாக அவரும் வாடிப் போவாராம்.

"பொழுதன்னைக்கும் தேரையோட குடித்தனம் நடத்துறவ இவதானே! போகலைன்னா குளக்கரை பூரா உப்பைக் கொட்டி, ஒண்ணு விடாம சாகடிச்சிடுவேன்!"

ஜந்தீரா கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தாள். தேரையை மடியில் வைத்து, தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள்.

"அக்கா, விஷம் ஏறிடாதா?" என்றாள் ஒரு சிறுமி.

"கையுறை போட்டிருக்கேனே கண்ணு. இதோ, கண்ணுக்குப் பின்னால வீங்கியிருக்கு பாரு, அமுக்கினா பால் மாதிரி வரும். நாய் இதைக் கடிச்சா, நாயோட இதயம் தாறுமாறாத் துடிச்சு நின்னே போயிடும்."

"ஐயோ! அப்புறம் எதுக்கு அதை எடுக்கறீங்க?"

"இதயத்தை அது எப்படி ஆட்டி வைக்குதுன்னு தெரிஞ்சா, சோர்ந்துபோன இதயத்தை ஒழுங்காத் துடிக்க வைக்கவும் வழி கிடைக்கலாம் இல்லையா?"

கடைசித் தையலும் அறுந்தது. ஒரு தாள் விழுந்தது. ஜந்தீரா பிரித்தாள், திருப்பிப் பார்த்தாள்.

"எழுத்தெல்லாம் கரைஞ்சுபோச்சு. யார் பேருன்னே தெரியலை. உப்பு வேண்டாம்மா, என்ன?"

"ம்… வேண்டாம், வேண்டாம்." ஸுல்மீராம்மா சிலுவை போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடையைக் கட்டினார்.

தேரை தத்தித் தத்திப் பனிக்குள் மறைந்தது. பிள்ளைகள் அதன் பின்னாலேயே ஓடினார்கள்.

நான் விடுவேனா? தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். பென்சிலில் பளிச்சென்று 'ஜந்தீரா'. பின்பக்கம் டாக்டரின் மருந்துச் சீட்டு: 'ஸுல்மீரா, வயது 64. இதய மாத்திரை, காலையில் ஒன்று.'

"அடிப்பாவி! இருங்க, நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரேன்!"

ஜந்தீரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் டீச்சர். அதிர்ச்சி அவங்க நெஞ்சுக்கு ஆகாது."