மூலை வீட்டுப் பெயர்ப்பலகை

உக்ரைனின் கெர்சோன் நகரில் தெருப்பலகைகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டுவது ஸினாயிதாவின் வேலை. இப்போதெல்லாம் போரில் செத்த சிப்பாய்களின் பெயரைத்தான் தெருக்களுக்கு வைக்கிறார்கள்.

மூலை வீட்டுச் சுவரில், எட்டு மாதம் ஊரைப் பிடித்து வைத்திருந்த ரஷ்யர்களின் பலகை இருந்தது. கழற்றி, ஏணியைப் பிடித்திருந்த ஓஸ்டாப்பிடம் கொடுத்தாள். அடியில் சோவியத் காலத்துப் பலகை. அதற்கடியில் ஜெர்மன்காரன் அடித்தது. அதற்கும் அடியில் ஜார் காலத்துத் துருப்பிடித்த தகரம்.

"என்னக்கா, வெங்காயமா உரிக்கிறீங்க?" என்று ஓஸ்டாப் சிரித்தான்.

தகரத்தையும் எடுத்தாள். சுவர் இல்லை. புத்தம் புதிய நீலப்பலகை இருந்தது. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. 'யரேமா லெவிட்ஸ்கி தெரு' என்று எழுதியிருந்தது.

யரேமா அவள் மகன். காலையில்தான் போர்முனையிலிருந்து பேசினான். கம்பளிக் காலுறை கேட்டான்.

"சுவர் வந்துருச்சாக்கா?"

"வந்துருச்சு."

தகரத்தைத் திரும்ப அதன்மேல் வைத்தாள். ஜெர்மன் பலகையைக் கேட்டு வாங்கினாள். பிறகு சோவியத் பலகையை. பிறகு ரஷ்யர்களுடையதற்குக் கை நீட்டினாள்.

"அக்கா, இது அவனுங்க மாட்டினது! இதையுமா?"

"குடு. திருகாணியும் குடு."

"எத்தனை?"

"இருக்கிற அத்தனையும் குடு."