வேளாவேளைக்குத் தீனி

"கேப்டிவ்னா அடைபட்ட பிராணி. கேப்டிவிட்டின்னா அடைபட்டுக் கெடக்குற நிலைமை. இத வச்சு, மிருகக்காட்சி சாலை தேவையான்னு ஒரு வாக்கியம் சொல்லுங்க பாப்போம்."

பெரம்பலூரில் பெரியவர்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறவர் அறிவரசன். உடையார்பாளையத்து முந்திரி வியாபாரி இளையபெருமாள் எழுந்தார். இங்கிலீஷ் வரவில்லை.

"ஜூவுல இருந்தா என்னங்க சார்? வேளாவேளைக்குத் தீனி. ஒடம்புக்கு முடியலன்னா டாக்டரு. அதுக்கு என்ன குறைச்சல்?"

அறிவரசன் முகத்தைச் சுளித்தார். "முந்திரி ஒடைக்கிற ஆளுக்குத் தீனியத் தாண்டி புத்தி போகாதுதான். அது நெனச்ச எடத்துக்குப் போக வேணாமாய்யா? கம்பிக்குள்ள அடைச்சு வச்சு சோறு போடுறவன்லாம் ஒரு மனுசனா?"

வகுப்பே சிரித்தது. இளையபெருமாள் தலை குனிந்தபடி உட்கார்ந்தார்.

இந்த ஜென்மங்களுக்கெல்லாம் இங்கிலீஷ் ஒரு கேடா என்று முனகிக்கொண்டே, ஓட்டலில் நாலு இட்லி கட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் அறிவரசன். வாசல் கதவில் காலையில் அவர் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உள்ளே அப்பா நின்றிருந்தார்.

"மீன்சுருட்டிக்கு பஸ் ஏத்தி விடுடா. நம்ம சனங்கள ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்."

"எதுக்கு? டீக்கடையில குந்தி என் மானத்த வாங்கவா?"

அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பூட்டைத் திறக்காமல், இட்லிப் பொட்டலத்தைக் கம்பி வழியாக உள்ளே நீட்டினார்.

"வேளாவேளைக்குச் சோறு. ஒடம்புக்கு முடியலன்னா டாக்டரு. ஒனக்கு என்ன குறைச்சல்?"