தள்ளி நில்லும்

கடற்கரை மணலில் ஏதாவது கிடைக்காதா என்று நெல்லையப்பனும் கஸ்பாரும் கூட்டாக ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினார்கள். சோடா மூடியும் துருப்பிடித்த தூண்டில் முள்ளும் தவிர எதுவும் அகப்படவில்லை. கஸ்பாரின் கெண்டைக்காலுக்குள் ஆபரேஷனில் வைத்த ஸ்டீல் பிளேட் ஒன்று இருந்தது. அவர் நெருங்கினாலே கருவி அலறும். நெல்லையப்பன் குனிந்து தோண்டுவார். ஒன்றும் இருக்காது. "தள்ளி நில்லும் வே" என்பார். கஸ்பார் நாலடி விலகிப் போவார். பேச்சு சுவாரசியத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டு வருவார். எல்லாச் சாயங்காலமும் இப்படித்தான் போயிற்று.

கஸ்பாரை அடக்கம் செய்த மறுவாரம் நெல்லையப்பன் கருவியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். எதற்கென்று கேட்ட வாட்ச்மேனிடம், "ஆள் இருக்காரான்னு பாக்கத்தான்" என்றார். புது மண்மேட்டின் மேல் தலைமாட்டிலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்து, கெண்டைக்கால் இருக்கும் இடத்தில் நிறுத்தினார். சத்தமே இல்லை. ஓரடி ஆழத்துக்குக் கீழே அதற்கு எட்டாது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இவ்வளவு தள்ளியா வே நிக்கச் சொன்னேன்?" என்றார்.