முனை ஒடிந்த கத்தி

“இதை யாருடா கடைசியாத் தொட்டது?”

உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்ட மடக்குக்கத்தியை விரித்த ஆர்வோ, அதை அப்படியே விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முனை ஒடிந்து மொட்டையாக இருந்தது.

வேட்டைக் குடிலில் இருந்தது மூன்றே பேர். அடுப்போரம் உட்கார்ந்திருந்த ரூடி, வாயிலிருந்த உப்புக்கண்டத்தை மெல்லுவதை நிறுத்தினார்.

“நான்தான். மத்தியானம் உப்புக்கண்டம் வெட்ட எடுத்தேன்,” என்றான் ப்ரென்ட். ஆர்வோவின் மருமகன். மான் வேட்டைக்காகச் சிகாகோவிலிருந்து இந்த மிஷிகன் காட்டுக்கு முதல் தடவையாக வந்திருப்பவன்.

“உப்புக்கண்டம் வெட்டினா முனை ஒடியுமா? எதையாவது நெம்பினியா?”

ப்ரென்ட் ஒரு கணம் ரூடியைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். “ஆமா. மன்னிச்சிடுங்க.”

ரூடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெம்பியது ரூடியல்லவா! காலையில் குடிலுக்குப் பின்னால் வைத்து, குளிரில் இறுகிப்போன மண்ணெண்ணெய் டப்பாவின் மூடியைத் திறக்கப் போய், ‘டக்’கென்று முனை தெறித்துப் பனியில் விழுந்தது. கத்தியைத் துடைத்து, மடக்கி, பூனை மாதிரி உள்ளே வந்து மேசை மேல் வைத்துவிட்டார்.

ஆர்வோ யார் கேட்டாலும் கத்தியைக் கொடுப்பார். கொடுத்தபடியே திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். இதற்கு முந்தைய கத்தியை ரூடி இரவல் வாங்கி, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போட்ட துளைக்குள் நழுவவிட்டார். அடுத்த வருஷம் வேட்டைக்கு அழைப்பே வரவில்லை. கூடப் பிறந்த அக்காள் எவ்வளவோ பரிந்து பேசியும், அவள் புருஷனான ஆர்வோ மசியவில்லை. இன்னொரு தடவை என்றால் இந்தக் குடிலையே மறந்துவிட வேண்டியதுதான்.

அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார். பழி இப்படி ஒரு அப்பாவியின் தலையில் விடியும் என்று யார் கண்டது?

ப்ரென்டுக்கு ஏற்கெனவே அங்கே பெரிய மரியாதை ஒன்றுமில்லை. மத்தியானம் அவன் கத்தி கேட்டபோதுகூட, “மேசை மேல இருக்குன்னு அவன்கிட்டச் சொல்லு, மச்சான்” என்று ரூடியிடம்தான் சொன்னார் ஆர்வோ, அவன் முழங்கை தன்மேல் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. மாப்பிள்ளை முறுக்கு கேள்விப்பட்டிருக்கிறோம். இது மாமனார் முறுக்கு.

“இது கத்தியா, கடப்பாறையா? சிகாகோவுல கத்தியை ரொட்டியில வெண்ணெய் தடவத்தான் எடுப்பீங்களோ? இங்க வா. உக்காரு. முனையைத் தேய்ச்சு எடுத்துட்டுத்தான் உனக்குச் சாப்பாடு.”

ப்ரென்ட் சாணைக்கல்லின் முன் உட்கார்ந்தான்.

“அப்படி இல்லடா! சாய்ச்சுப் பிடி. இன்னும் சாய்… யாரு உனக்கு என் பொண்ணைக் கொடுத்தது?”

“நீங்கதான்.”

“வாய் வேற!”

ரூடிக்கு அடுப்பின் சூட்டைவிட நெஞ்சுக்குள் சுட்டது. உருளைக்கிழங்கு வெந்தது, ஆறியது. இருவரும் எழுந்திருக்கவில்லை. ஆர்வோ திட்டத் திட்ட அந்தப் பையன் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

கடைசியில் ஆர்வோ கத்தியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். “சுமார்தான். ஆனா ஒண்ணு. கத்தியையே பாத்துக்கத் தெரியாதவன்கிட்ட துப்பாக்கியைக் கொடுத்துத் தனியா விட முடியாது. நாளைக்கு வேட்டையில என் பரண்ல, என் கண்ணு முன்னாலதான் நீ உக்காரணும். போய் விறகு எடுத்துட்டு வா.”

பச்சைப் பிள்ளையை வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார வைப்பது போல இப்படி ஒரு அவமானமா! ரூடியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வேட்டை போனால் போகட்டும் என்று ப்ரென்டின் பின்னாலேயே வெளியே போனார்.

“மாப்ளே, நில்லு. கத்தியை ஒடச்சது நீ இல்ல, நான். காலையிலேயே ஒடச்சுட்டேன்.”

ப்ரென்ட் விறகை அடுக்கிக்கொண்டே, “தெரியும் மாமா. ஜன்னல்லேருந்து பாத்தேன்,” என்றான்.

ரூடிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. “தெரிஞ்சுமா எனக்காக இத்தனை திட்டு வாங்கின? நான் மனுஷனே இல்லடா. இப்பவே போய் உண்மையைச் சொல்லிடறேன்.”

திரும்பியவரின் கையை, விறகையெல்லாம் கீழே போட்டுவிட்டு எட்டிப் பிடித்தான் ப்ரென்ட்.

உள்ளேயிருந்து ஆர்வோவின் குரல் கேட்டது. “டேய்! விறகு எடுக்கப் போனியா, மரம் நடப் போனியா?”

“இதோ வந்துட்டேன்!” என்று உற்சாகமாகக் குரல் கொடுத்த ப்ரென்ட், ரூடியின் கையை விடாமல் கெஞ்சினான்.

“கெடுத்துடாதீங்க மாமா… கல்யாணமான நாள்லேருந்து அவர் என்கிட்ட நேரா பேசறது இன்னிக்குத்தான்!”